மாப்பிள்ளை வைத்த பல்

இதை எழுதும் இந்த நேரத்திலும் என் கீழுதட்டின் வலது பாதி என்னிடம் இல்லை. கண்ணாடியில் பார்த்தால் இருக்கிறது. விரலால் தொட்டால் விரலுக்குத் தெரிகிறது, உதட்டுக்குத் தெரிவதில்லை. அதே இடம்தான் எரியவும் செய்கிறது. உணர்ச்சியில்லாத இடம் எப்படி எரியும் என்று என்னைக் கேட்காதவர்கள் இல்லை. அதற்கான பதிலைப் பின்னால் சொல்கிறேன்.

பல் கட்டிக்கொள்ளப் போகிறவர்களைப் பயமுறுத்துவது என் எண்ணம் அல்ல. அந்த வைத்தியத்தில் நடந்த பிழை சிறியது. எத்தனையோ பேருக்கு நடக்கக்கூடியது, உடனே கவனித்தால் பெரும்பாலும் சரியாகக்கூடியது. அதைப் பெரிதாக்கியவன் நான்.

ரெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு சிமென்ட் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வேதியியலில் எம்.எஸ்சி. படித்தவன். சுரங்கத்திலிருந்து வரும் கல் தேறுமா தேறாதா என்று சோதித்துச் சொல்வது என் வேலை. வீடு அரியலூரில். மனைவி சரோஜா. மகன் ராஜா அரியலூரிலேயே சிமென்ட் ஏஜென்சி வைத்திருக்கிறான். அவனுக்கு இளையவள் கவிதா, பெரம்பலூரில் வாழ்க்கைப்பட்டு அங்கேயே ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள். அவள் கணவர் செந்தில் பல் மருத்துவர். பெரம்பலூரில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் கிளினிக்.

எனக்கு வலது பக்கக் கீழ்க்கடைவாய்ப் பற்கள் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. கழற்றி மாட்டும் பல் செட் ஒன்று செய்து வைத்திருந்தேன். அது பேசும்போது ஆடியது, சாப்பிடும்போது ஈறைக் கடித்தது. 2005ஆம் ஆண்டு வாக்கில் மாப்பிள்ளை சென்னைக்குப் போய் ஒரு புதிய முறையைக் கற்றுக்கொண்டு வந்தார். தாடை எலும்பில் சிறிய துளை போட்டு, டைட்டானியம் உலோகத்தில் செய்த திருகாணியை இறக்குவார்கள். சில மாதங்களில் எலும்பு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு அதன் தலையில் பல்லைப் பொருத்துவார்கள். கேட்டதுமே எனக்கு ஆசை வந்துவிட்டது.

மாப்பிள்ளை தயங்கினார். "மாமா, சொந்தத்துல செய்யறதுக்குக் கை வராது. திருச்சியில எங்க சீனியர் ஒருத்தர் இருக்காரு. அவருகிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்."

"மாப்பிள்ளைய வச்சுக்கிட்டு நான் திருச்சிக்குப் போனா ஊரு சிரிக்கும் மாப்ளே. நீங்களே போடுங்க" என்றேன்.

அதற்கு மேல் அவர் பேசவில்லை. பேச முடியாது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வாங்கி வந்த பழம் அழுகியிருந்தாலும் மாமனார் அதைச் சொல்லமாட்டார். வாங்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, மாப்பிள்ளை போன பிறகுதான் தூக்கிப் போடுவார். அதுபோல, மாமனார் சொன்ன சொல்லை மாப்பிள்ளை முகத்துக்கு நேராக மறுக்கமாட்டார். குரலே உயராமல் எங்கள் வீடுகள் நடக்கும் முறை இது. இதைப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தவன்தான் நானும்.

திருச்சியில் தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே எடுத்து வந்தோம். எலும்பின் உயரம் கொஞ்சம் குறைவு, ஆனால் போதும் என்றார் மாப்பிள்ளை. மரத்துப்போக ஊசி போட்டதால் துளையிடும்போது வலிக்கவில்லை. தலைக்குள் யாரோ மரத்தைக் கடைவது போன்ற அதிர்வு மட்டும்தான். ஒரே ஒரு முறை, ஒரு நொடி, மின்சாரம் தொட்டதுபோல உதட்டில் ஒரு சுளீர். நான் துள்ளினேன். "என்ன மாமா?" என்றார். "ஒண்ணுமில்ல மாப்ளே, நீங்க பாருங்க" என்றேன். அதுதான் முதல் 'ஒண்ணுமில்ல'.

மறுநாள் காலை சரோஜா கொடுத்த காபி வாயோரம் வழிந்து சட்டையை நனைத்தது. எனக்குத் தெரியவே இல்லை. "என்னங்க, கொழந்தை மாதிரி ஊத்திக்கிறீங்க?" என்று அவள் சிரித்தபோதுதான் உதட்டைத் தொட்டுப் பார்த்தேன். மரப்பு போகவில்லை. ஊசியின் மரப்பு சில மணி நேரத்தில் போய்விடும் என்று முந்தின நாளே மாப்பிள்ளை சொல்லி அனுப்பியிருந்தார். போகாவிட்டால் உடனே சொல்ல வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

அன்றே பெரம்பலூர் போனோம். என்னுடன் ஆலையில் வேலை பார்த்த கல்லங்குறிச்சிக்காரர் ஒருவரையும் கூட்டிப்போயிருந்தேன். அவருக்கும் கடைவாய்ப் பல் இல்லை. "எங்க மாப்பிள்ளை கையைப் பாருங்க" என்று நானே அழைத்துப்போய் வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தேன். நடுவில் ஒரு திரைச்சீலைதான் மறைப்பு.

மாப்பிள்ளை ஒரு பஞ்சுத் திரியையும் ஊசி ஒன்றையும் எடுத்துக்கொண்டார். "கண்ணை மூடிக்குங்க மாமா. ஒதட்டுல, மோவாயில தொடுவேன். தொடறப்பல்லாம் தெரியுதுன்னு சொல்லுங்க."

கண்ணை மூடினேன். எதுவும் தெரியவில்லை. அவருடைய சட்டைக் கை உரசும் சத்தம் கேட்டது. "தெரியுது" என்றேன். மறுபடி சத்தம். "தெரியுது." மறுபடி. "தெரியுது." அவ்வளவுதான் நடந்தது. கல்லங்குறிச்சிக்காரர் வெளியே இருமிக்கொண்டிருந்தார். கிளினிக் திறந்து அதிக காலம் ஆகவில்லை. தெரியவில்லை என்று நான் சொன்னால் மாப்பிள்ளை முகம் என்ன ஆகும் என்று நினைத்தேன். நாலு நாளில் தானாகச் சரியாகிவிடும் என்றும் நினைத்தேன். ஆலையில் இருந்தபோது, யார் வந்து நின்றாலும் ஒரு மாதிரிக்கல்லின் சோதனையைக்கூட மாற்றிச் சொன்னதில்லை நான்.

மாப்பிள்ளை பஞ்சுத் திரியைத் தட்டில் வைத்தார். "சரி மாமா" என்றார்.

வெளியே வந்ததும் கல்லங்குறிச்சிக்காரர், "எப்படி இருக்கு சார்?" என்றார். "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றேன். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, பிறகு எங்கோ போய்ப் பல் செட் ஒன்றே செய்துகொண்டார். இன்றைக்கும் அதை வைத்து முறுக்கு கடிக்கிறார்.

அந்த வாரக் கடைசியில் வலி தொடங்கியது. முதலில் வெயிலில் நின்றதுபோல ஒரு காந்தல். பிறகு மிளகாய் அரைத்துப் பூசியதுபோல. அவ்வப்போது காதிலிருந்து மோவாய் வரை ஒரு கோடு இழுத்து விடும். சவரம் செய்ய முடியாது. முகம் கழுவ முடியாது. பஸ்ஸில் ஜன்னல் காற்று பட்டால் கண்ணில் தண்ணீர் வரும். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடி ஓடிக் குழியாகிப்போன எங்கள் சாலையில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் தாடையை உள்ளங்கையில் ஏந்திக்கொள்வேன். படுத்தால் அதிகம், உட்கார்ந்தால் அதிகம், பேசினால் அதிகம். என் முகத்துக்குள்ளேயே என்னைப் பூட்டி வைத்த மாதிரி இருந்தது. எங்கே போனாலும் அதையும் சுமந்துகொண்டுதான் போக வேண்டும்.

சரோஜா என் இடது பக்கம் உட்கார்ந்துதான் பேசுவாள். ரசம் சாதத்தைக் குழைத்து, ஆறவைத்துத் தருவாள். என் உதட்டோரம் பருக்கை ஒட்டியிருந்தால், மற்றவர்கள் எதிரில் சொல்லாமல், தன் உதட்டை ஒரு விரலால் தொட்டுக்காட்டுவாள். நான் துடைத்துக்கொள்வேன். இத்தனை செய்தவளிடம் நான் எரிந்து விழுந்துகொண்டே இருந்தேன். ஒருநாள் ரசத்தில் சூடு அதிகம் என்று தட்டைத் தள்ளிவிட்டேன். "மாப்பிள்ளைக்கிட்ட சொல்லுங்களேன். எங்கிட்ட காட்டற கோவத்துல பாதி அங்க சொன்னா மருந்தாவது தருவாரு" என்றாள். "வாய மூடு" என்றேன். மாப்பிள்ளை தொலைபேசியில் கேட்கும்போது, "லேசா இருக்கு மாப்ளே, புதுசுல்ல" என்றேன். பிறகு அவர் நேரில் பார்க்க வருவதாகச் சொன்ன நாட்களில் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ கிளம்பிவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து ராஜாதான் என்னைக் காரில் ஏற்றித் திருச்சிக்குக் கொண்டுபோனான். நரம்பு மருத்துவர் ஒரு பெண்மணி. நடுத்தர வயது, நிதானமான பேச்சு. புதிதாக எடுக்கச் சொன்ன எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கீழ்த்தாடை எலும்புக்குள் குழாய்போல ஒரு வழி போகிறது. அதற்குள் ஒரு நரம்பு ஓடி, மோவாய்ப் பக்கம் வெளியே வந்து, உதட்டுக்கு உணர்ச்சி தருகிறது. திருகாணியின் நுனி அந்தக் குழாயை அழுத்திக்கொண்டிருந்தது.

"மரத்த இடம் எப்படிம்மா எரியும்?" என்று கேட்டேன்.

"காலிங் பெல் ஒயர் நசுங்கிப்போச்சுன்னா, வாசல்ல யாருமே இல்லாதப்பவும் பெல் அடிச்சுக்கிட்டே இருக்கும்ல ஐயா? அது மாதிரி. ஆள் வந்தா அடிக்காது. வராதப்ப அடிக்கும்." பிறகு அவர் கேட்டார்: "இதுல முதல் ரெண்டு நாள்தான் முக்கியம். அப்பவே எடுத்திருந்தா நரம்பு பெரும்பாலும் தேறியிருக்கும். அடுத்த நாள் உணர்ச்சி இருக்கான்னு டாக்டர் தொட்டுப் பார்த்தாரா?"

"எங்க பாத்தாரு?" என்றான் ராஜா. "எங்க மாப்பிள்ளைதான் மேடம். பல்லு புடுங்கறவருக்கு நரம்பைப் பத்தி என்ன தெரியும்? ஏம்பா, பாத்தாரா?"

நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தலையை ஒரு மாதிரி அசைத்தேன். ஆம் என்றும் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம். ராஜா இல்லை என்று கொண்டான். அவன் அப்படித்தான் கொள்வான் என்பது எனக்குத் தெரியும். இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பழி மாப்பிள்ளை மேல் விழுந்ததில் அந்த நேரம் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. வலித்துக்கொண்டே இருப்பவனுக்கு, இதற்கு இன்னார் காரணம் என்று ஒரு ஆள் கிடைப்பது பெரிய ஆறுதல்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே ராஜா பெரம்பலூரில் காரை நிறுத்திவிட்டு மாடி ஏறினான். நான் கீழே காருக்குள் இருந்தேன். அவன் குரல் தெருவரை கேட்டது. "எங்கப்பன் ஒடம்பு என்ன ஒனக்குப் படிக்கற காலேஜா? தொட்டுக்கூடப் பாக்காம அனுப்பியிருக்க! கன்ஸ்யூமர் கோர்ட்டுல நிறுத்தல, நான் ராஜா இல்ல!" பெஞ்சில் இருந்த நோயாளிகள் ஒவ்வொருவராகப் படியிறங்கி வந்தார்கள். மாப்பிள்ளையின் குரல் கேட்கவே இல்லை.

கவிதா அன்று மாலை கணவரிடம் கேட்டிருக்கிறாள். "பாத்தேன். உங்கப்பாவைக் கேட்டுப் பாரு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவள் மறுநாளே அரியலூருக்கு வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா, அவரு பாத்தேங்கறாரு. அண்ணன் பாக்கலங்குது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. பாத்தாரா, இல்லியா?"

நான் வாயைச் சுட்டிக்காட்டி, பேச முடியவில்லை என்று கையை ஆட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். அன்று என்னால் பேச முடியும். வலி எனக்கு அப்படியொரு வசதியாகவும் ஆகிப்போயிருந்தது.

"இதுக்கு மேல என்ன கேட்டுக்கிட்டிருக்க? நீ இங்கயே இரு. அவனா வந்து மன்னிப்புக் கேக்கட்டும்" என்றான் ராஜா. கவிதா இருந்துவிட்டாள். தினமும் காலையில் அரியலூரிலிருந்து பஸ் ஏறிப் பெரம்பலூர் பள்ளிக்குப் போவாள். மாலையில் திரும்பி வருவாள். பஸ் அவள் வீட்டுத் தெரு முனையைத் தாண்டித்தான் போக வேண்டும். வந்ததும் யாரோடும் பேசாமல் நோட்டுத் திருத்த உட்கார்ந்துவிடுவாள். என் மகள் ஒரு பொய்யின் மேல் உட்கார்ந்திருக்கிறாள் என்பது வீட்டில் எனக்கு மட்டும் தெரியும். சொல்ல வேண்டும் என்று வாயைத் திறப்பேன். தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டியதை இன்னும் பெரிதாக்கியது.

திருச்சி மருத்துவர் வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் மாத்திரையைத்தான் எனக்கும் எழுதியிருந்தார். நரம்பு வீணாகக் கத்துவதை அது அடக்குமாம். எரிச்சல் கொஞ்சம் அடங்கியது. கூடவே தலை சுற்றியது. ரத்தம் பரிசோதிக்க வரச்சொன்ன நாளில் நான் போகவில்லை. வீட்டுக்குள் இருந்தபடியே என்ன கிழமை என்பது மறந்துபோனது. ஒரு காலை குளியலறையில் விழுந்தேன். பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். மாத்திரையால் ரத்தத்தில் உப்பு மிகவும் இறங்கிவிட்டது, வயதானவர்களுக்கு இது நடப்பதுண்டு என்றார்கள். முதல் இரண்டு நாட்கள் எனக்கு நினைவில்லை. "லாரியத் திருப்பி அனுப்பு, கல்லு தேறாது" என்று கத்திக்கொண்டிருந்தேனாம். சரோஜா பிறகு சொன்னாள்.

நினைவு வந்த பிறகுதான் கஷ்டம். உப்பை அவசரமாக ஏற்றினால் மூளைக்கு ஆபத்து என்பதால் கையில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் குடித்தால் உப்பு இன்னும் நீர்த்துப்போகும் என்று அளந்து ஒரு சின்ன டம்ளர் தருவார்கள். நாக்கு ஒட்டிக்கொள்ளும். வலி மாத்திரையை நிறுத்திவிட்டதால் எரிச்சல் முழுபலத்தோடு திரும்பியிருந்தது. கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பி. கையில் ஊசி. தாகம், எரிச்சல், மேலே விசிறி. அந்த விசிறிக் காற்றுகூட உதட்டில் பட்டால் சுடும். நிறுத்தச் சொன்னால் பக்கத்துக் கட்டில்காரருக்கு வியர்க்கும்.

பக்கத்துக் கட்டில்காரர் அரும்பாவூர் விவசாயி. டிராக்டரிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்து படுத்திருந்தார். ரத்தக் கொதிப்பும் உண்டு. "சார், ஒங்களுக்கு உப்பு கொறஞ்சு போச்சு. எனக்கு உப்பே ஆவாதுங்கறாங்க. நம்ம ரெண்டு பேரையும் ஒரு அண்டாவுல போட்டுக் கலக்குனா ஒரு நல்ல மனுசன் கெடைப்பான்" என்பார். சிரித்தால் தாடை வலிக்கும். ஆனாலும் சிரித்தேன்.

அவர்தான் ஒரு மதியம் கேட்டார். "யாரு சார் அந்தத் தம்பி? தெனமும் இந்நேரத்துக்கு வந்து கதவோரம் நின்னு எட்டிப் பாக்குது. நர்ஸ்கிட்ட என்னமோ கேக்குது, போயிருது. பணம் கிணம் தரணுமா?"

திரும்பிப் பார்த்தேன். செந்தில். ராஜா ஏஜென்சிக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து வந்துகொண்டிருந்திருக்கிறார்.

"எங்க மாப்பிள்ளை" என்றேன்.

"மாப்பிள்ளையா! அப்புறம் என்னாத்துக்கு வெளியில நிக்கிறாரு? மோதிரம் போடறேன்னு சொல்லிப் போடாம உட்டுட்டீங்களா?"

கையை அசைத்துக் கூப்பிட்டேன். வந்தவர் கட்டில் காலடியில் நின்றார். ஆள் இளைத்திருந்தார். கட்டிலில் தொங்கிய அட்டையைப் பார்த்துக்கொண்டே, "சோடியம் ஏறிக்கிட்டு வருது மாமா. பயப்பட ஒண்ணுமில்ல" என்றார். சரோஜா எழுந்து ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் உட்காரவில்லை.

இனியும் சொல்லாவிட்டால் எப்போதுமே சொல்லமாட்டேன் என்று தோன்றியது. "மாப்ளே, அன்னிக்கு நீங்க தொட்டுப் பாத்தப்ப எனக்கு ஒண்ணுமே தெரியல. பொய் சொன்னேன். திருச்சியில ராஜா கேட்டப்பவும் வாய மூடிக்கிட்டேன். கவிதா கேட்டப்பவும் சொல்லல. எல்லாம் என் தப்பு" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எச்சில் வாயோரம் வழிந்துவிட்டது. சரோஜா துடைத்தாள்.

மாப்பிள்ளை அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும் மாமா" என்றார்.

"என்ன தெரியும்?"

"கடைசி ரெண்டு தடவை நான் தொடவே இல்ல. கையை மட்டும் கிட்டக் கொண்டாந்தேன். நீங்க ரெண்டு தடவையும் தெரியுதுன்னீங்க. உண்மை சொல்றாங்களான்னு பாக்க அப்படிச் செய்யறதுதான். அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. மாமா, நீங்க பொய் சொல்றீங்கன்னு ஒங்க முகத்துக்கு நேரா எப்படிச் சொல்றது? அதைவிட, நீங்க சொன்னது எனக்கும் சௌகரியமா இருந்துச்சு. நான் போட்ட மொத ஸ்குரூ. அதை அன்னிக்கே கழட்டணும்னு யாருக்கு மனசு வரும்? நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டேன். அப்புறம் நாள் தாண்டிருச்சு. மச்சான் வந்து கத்துனப்ப ஏன் பேசலன்னா, அதுக்குத்தான்."

அரும்பாவூர்க்காரர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

கதவருகே பிளாஸ்கோடு கவிதா நின்றிருந்தாள். பள்ளியில் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு அம்மாவுக்குப் பதிலாகத் துணைக்கு இருக்க வந்திருக்கிறாள். எவ்வளவு கேட்டாள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. உள்ளே வந்து பிளாஸ்கை வைத்தாள். மூடியைச் சரியாகத் திருகினாள்.

"கவிதா..." என்றேன்.

"கேட்டுட்டேம்பா." என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். "கட்டுன புருசன் பாத்தேன்னு சொன்னாரு. நான் நம்பல. எங்கப்பா ஆயுசுல பொய் சொன்னதில்லைன்னு அவருகிட்டயே சண்டை போட்டேன்."

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க மட்டும் என்ன? உங்கப்பாவைக் கேட்டுப் பாருன்னு ஒரு வார்த்தையோட விட்டுட்டீங்க. மாமாவுக்கு மாப்பிள்ளை மரியாதை, மாப்பிள்ளைக்கு மாமா மரியாதை. நல்லா இருங்க ரெண்டு பேரும். நடுவுல நான் ஒருத்தி நாய் மாதிரி தெனம் பஸ்ல போயிப் போயி வந்துக்கிட்டிருந்தேன். எங்கிட்ட எதையும் சொல்லணும்னு ஒங்க ரெண்டு பேருக்கும் தோணல."

"இப்பவே போவலாம் கவிதா. வா" என்றார் மாப்பிள்ளை.

"என்னை யாரும் கூட்டிட்டுப் போவ வேணாம். எங்க வூட்டுக்கு எனக்கு வழி தெரியும். நீங்க போங்க. நான் அப்பாவுக்குக் கஞ்சி குடுத்துட்டு வரேன்."

ஸ்பூன் ஸ்பூனாகக் கஞ்சி கொடுத்தாள். இடது பக்கமாகவே கொடுத்தாள். வழிந்தபோது துடைத்தாள். பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு, "அம்மா, போயிட்டு வரேன்" என்று அவளிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனாள்.

மாலையில் ராஜா வந்ததும் அவனிடமும் சொன்னேன். அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். "அத்தனை பேரு முன்னாடி அந்த மனுசனை நாயே பேயேன்னேன்பா. ஒங்களுக்குக் கீழ கார்ல கேட்டுருக்குமே?" என்றான்.

"கேட்டுச்சு" என்றேன்.

அவன் அதற்குப் பிறகு அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. இரண்டு நாள் கழித்து, கிளினிக்கில் கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து மாடி ஏறி, எல்லோர் எதிரிலும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருக்கிறான். சரோஜா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மருத்துவமனைப் பில்லையும் முணுமுணுக்காமல் அவனே கட்டினான்.

உப்பு சரியாகி வீடு திரும்பிய பிறகு திருச்சி மருத்துவரிடம் மறுபடி போனோம். மாத்திரையை மாற்றினார். திருகாணியை எடுத்துவிட்டால் அழுத்தமாவது குறையும், உணர்ச்சி திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது, எரிச்சல் தணியலாம் என்றார். மாப்பிள்ளையே எடுக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். அப்படிச் சொன்னால் அவருக்கு நான் செய்ததற்குக் கொஞ்சம் ஈடாகும் என்று நினைத்தேன்.

இந்தத் தடவை அவர் தயங்கவில்லை. "முடியாது மாமா" என்றார். "ஒங்களுக்கு நான் டாக்டரா இருக்கக் கூடாது. மாப்பிள்ளையா மட்டும் இருந்துக்கறேன்."

அவருடைய சீனியர்தான் எடுத்தார். எலும்பு நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்ததால் சுற்றிலும் கொஞ்சம் குடைந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. வெளியே ராஜாவும் செந்திலும் ஒரே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று சரோஜா சொன்னாள். ராஜா டீ வாங்கி வந்து ஒன்றை அவரிடம் நீட்டினானாம்.

எரிச்சல் பாதியாகியிருக்கிறது. மரப்பு அப்படியே இருக்கிறது. சில நாட்கள் நல்லவை. பனிக்காலம் கெட்டது. சவரத்தை ராஜா கூட்டி வரும் ஆள் வந்து மெதுவாகச் செய்துவிட்டுப் போகிறார். கவிதா வருகிறாள், மாத்திரை சாப்பிட்டேனா என்று கேட்கிறாள், ஆனால் பழைய கவிதாவாக என் எதிரில் உட்கார்ந்து பள்ளிக்கூடக் கதை சொல்வதில்லை. என் பேச்சை ஒரு கணம் எடைபோட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறாள். அது என் வலியைவிடக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது. அதைக் கழற்றிக் கொடுக்க மருத்துவர் யாரும் இல்லை.

சென்ற மாசிப் பனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். நான் கழுத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்தேன். மாப்பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் என் உடம்பு தானாக எழப் பார்த்தது.

"படுங்கப்பா" என்றாள் கவிதா.

படுத்தேன். "வாங்க மாப்ளே" என்றேன். வழக்கமான 'நல்லா இருக்கேன்' நாக்குவரை வந்தது. கவிதா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்கு ரொம்ப எரியுது மாப்ளே" என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "எந்த எடத்துல மாமா?" என்று கேட்டார். காட்டினேன்.